கிளாண்டைக் தங்க வேட்டை நடந்த ஊர்களை எப்படி சுத்திப் பாக்கறது

கனடாவோட வடமேற்கு மூலைல இருக்கற யூகான் போகணும்னு ஆசப்படறவங்க நெறைய பேர், தங்க வேட்டைக்கு மையமா இருந்த டாசன் சிட்டில நேரா போய் இறங்கி, மரப்பலகை நடைபாதைல நாலு ஃபோட்டோ எடுத்து, ராத்திரி கேசினோல கேன்கேன் டான்ஸ் பாத்து, மறுநாள் ஒரு தட்டு வாங்கி ஓடைல தங்கம் அரிச்சுட்டு கெளம்பிடறாங்க. தப்பில்ல, ஜாலியாத்தான் இருக்கும். ஆனா அங்க என்ன நடந்துச்சுன்னு ஒண்ணும் பிடிபடாது. நான் சொல்றது ரெண்டே ரெண்டு விஷயம். அந்தக் காலத்துல ஜனங்க வந்த வழியிலயே போங்க, அதாவது கடல்ல இருந்து மலையேறி, ஏரி தாண்டி, ஆத்தோட போக்குலயே வடக்க டாசனுக்கு. டாசன் வந்ததும் உடனே தங்கத்த தேடி ஓடாதீங்க, அந்த மண்ணுல காலங்காலமா இருந்தவங்க என்ன சொல்றாங்கன்னு முதல்ல கேளுங்க. மத்தது தானா வெளங்கும்.

கத சுருக்கமா. 1896 ஆகஸ்ட்ல, கிளாண்டைக் ஆத்துல வந்து சேர்ற ஒரு சின்ன ஓடைல நாலு பேருக்கு தங்கம் தட்டுப்பட்டுது. கெய்ஷ், எல்லாரும் ஸ்கூகம் ஜிம்னு சொல்ற ஆளு, அவரோட அக்கா மகன் டாசன் சார்லி, கெய்ஷோட கூடப்பொறந்தவ கேட், அவ புருஷன் ஜார்ஜ் கார்மாக்னு ஒரு வெள்ளக்காரர். யார் கண்ணுல முதல்ல பட்டுச்சுன்னு இன்னிக்கும் சண்ட ஓடுது, கெய்ஷ்தான்னு சொல்றவங்க நெறைய, ஆனா முதல் கிளைம் (இந்த எடத்துல தங்கம் தோண்டற உரிமை எனக்குன்னு பதியறது) பதிவானது கார்மாக் பேர்ல, ஏன்னா பழங்குடி ஆளு பேர்ல எழுதினா ஒத்துக்க மாட்டாங்கன்னு பயம். சேதி வெளில வரவே ஒரு வருஷம் ஆச்சு, 1897 ஜூலை 17ல போர்ட்லாண்ட்னு ஒரு கப்பல் தங்கத்தோட சியாட்டில்ல வந்து நின்னுச்சு, அப்புறம் கேக்கணுமா, கடைய மூடிட்டு, வேலைய விட்டுட்டு, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் கெளம்பினாங்க. போய்ச் சேந்தது முப்பது நாப்பதாயிரம் பேர்தான். அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல ஓடை எல்லாத்துலயும் முன்னாடியே அங்க இருந்தவங்க கிளைம் போட்டு முடிச்சுட்டாங்க. இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுட்டு ட்ரிப் போங்க, பாக்கறது எல்லாத்துக்கும் வேற அர்த்தம் வரும்.

எப்ப போறது

ஜூன்ல இருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும். மே மாசக் கடைசில சீசன் ஆரம்பிக்கும், செப்டம்பர் நடுவுல டாசன்ல பாதிக் கடை பூட்டிடுவாங்க. ஜூன்னா ராத்திரின்னு ஒண்ணே இருக்காது, பன்னெண்டு மணிக்கு வெளில உக்காந்து பேப்பர் படிக்கலாம், தூக்கம் வராதவங்க கண்ணுக்குக் கட்டிக்க ஒரு துணி எடுத்துட்டுப் போங்க. கொசுவும் ஜூன் ஜூலைலதான் அதிகம், சாதாரணக் கொசுன்னு நெனைக்காதீங்க. என்னைக் கேட்டா ஆகஸ்ட் மூணாவது திங்கக்கெழம வர்ற வாரம் போங்க, அது தங்கம் கண்டுபிடிச்சதக் கொண்டாடற டிஸ்கவரி டே, யூகான் பூரா லீவு, டாசன்ல ஊர்வலம் எல்லாம் இருக்கும், கொசு கொறஞ்சிருக்கும், மாசக் கடைசில ராத்திரி இருட்டு திரும்ப வந்ததும் அதிர்ஷ்டம் இருந்தா வடக்கு வெளிச்சமும் (அரோரா) தெரியும். ஆனா ரூம் ரொம்ப முன்னாடியே போட்டு வைங்க, ஊர்ல இப்ப சுமார் ரெண்டாயிரம் பேர்தான், ஹோட்டலும் அதுக்குத் தக்கனதான்.

பேப்பர் வேலைல ஒண்ணு மறந்துடாதீங்க. வழி ஆரம்பிக்கிற ஸ்காக்வே அலாஸ்கால இருக்கு, அது அமெரிக்கா. இந்தியா பாஸ்போர்ட்லயோ இலங்கை பாஸ்போர்ட்லயோ வர்றவங்களுக்கு ரெண்டு நாட்டு வீசாவும் வேணும், கனடா வீசாவும் திரும்ப உள்ள வர்ற மாதிரி இருக்கணும். டொரொண்டோல சிட்டிசன் ஆகி இருக்கறவங்களுக்கு பாஸ்போர்ட் போதும். வான்கூவர் போய் அங்கருந்து யூகான் தலைநகர் வைட்ஹார்ஸுக்கு ஃப்ளைட், அங்க கார் வாடகைக்கு எடுத்துக்கலாம். கார் எடுக்கும்போது ஒப்பந்தத்த முழுசா படிங்க, ஜல்லி ரோட்ல ஓட்டக் கூடாதுன்னு நெறைய கம்பெனி போட்டிருப்பாங்க, கண்ணாடில கல்லு தெறிச்சா யார் தலைலன்னும் கேட்டுக்கங்க. இன்னொண்ணு, ஸ்காக்வேல கோடைல மணி யூகானவிட ஒரு மணி நேரம் பின்னாடி இருக்கும், ரயில் டிக்கெட் போட்டவங்க இதுல கொழம்புவாங்க.

கடல்ல இருந்து ஏறுங்க

வைட்ஹார்ஸ்ல இருந்து ஸ்காக்வேக்கு நூத்தெழுவது நூத்தெம்பது கி.மீ. ரோடு. அங்க கப்பல் வர்ற நாள்ல மெயின் தெரு பூரா சுற்றுலாக் கூட்டம்தான், நகைக்கடையா இருக்கும். அத விட்டுட்டு சுமார் பதினஞ்சு கி.மீ. தள்ளி இருக்கிற டையீக்குப் போங்க. 1898ல ஆயிரக்கணக்குல ஜனங்க இருந்த ஊரு, இப்ப காடு. படகுத் துறைக்கு நட்ட மரக்கட்டைங்க வரிசையா சேத்துல நிக்கும், ஒரு கடையோட முன் சுவர் மட்டும் முட்டுக் கொடுத்து நிக்குது. பக்கத்துல ஒரு இடுகாடு இருக்கு, 1898 ஏப்ரல் 3ம் தேதி மலைல பனி சரிஞ்சு செத்தவங்க, அறுவது பேருக்கு மேல, எல்லா பலகைலயும் ஒரே தேதி.

டையீல இருந்துதான் சில்கூட் பாதை ஆரம்பிக்குது, பென்னட் ஏரி வரைக்கும் 53 கி.மீ. இது தங்கம் தேடி வந்தவங்க போட்ட பாதை இல்ல, க்லிங்கிட் பழங்குடி ஜனங்க கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவுல வியாபாரம் பண்ண காலங்காலமா வச்சிருந்த வழி, அவங்க அனுமதி இல்லாம அந்த வழில யாரும் போக முடியாம இருந்துச்சு. தங்க வேட்டை வந்ததும் மொதல்ல அவங்கதான் சுமை தூக்கி சம்பாதிச்சாங்க, அப்புறம் சாமான மேல இழுத்துட்டுப் போற கம்பிவடம் வந்து அதுவும் போச்சு. உச்சில கனடா மவுண்டட் போலீஸ் உக்காந்துட்டு, ஒரு வருஷ சாப்பாடு கையில இல்லாத எவனையும் உள்ள விடல, சாமான் செட்டோட சேத்தா ஒரு டன் வரும். ஒரு ஆளு ஒரே தடவைல எவ்வளவு தூக்குவான், முப்பது நாப்பது தடவ அதே மலைய ஏறி எறங்கணும், ஐஸ்ல வெட்டின ஆயிரத்து ஐநூறு படி, வரிசைய விட்டு வெலகினா திரும்ப உள்ள நுழைய மணிக்கணக்கா நிக்கணும். நீங்க ஃபோட்டோல பாத்திருப்பீங்களே, வெள்ள மலைல கருப்புக் கோடா மனுஷங்க, அது இந்த இடம்தான்.

முழுசா நடக்கணும்னா மூணுல இருந்து அஞ்சு நாள் ஆகும், பெர்மிட் வாங்கணும், ஒரு நாளைக்கு உச்சியத் தாண்ட அம்பது பேருக்குத்தான் அனுமதி, ரெண்டு நாட்டுப் பார்க் நிர்வாகமும் சேந்து நடத்தறாங்க. வெள்ளத்துல பாதை சேதமாகி சில சீசன்ல சில பகுதி மூடிக் கிடந்துருக்கு, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி பார்க்ஸ் கனடா தளத்துல நெலவரம் பாத்துருங்க. வழியெல்லாம் துரு புடிச்ச அடுப்பு, ஷூ அடித்தோல், மடிச்ச கேன்வாஸ் படகு கெடக்கும். ஒண்ணையும் தொடாதீங்க, எடுத்தா சட்டப்படி குத்தம், அதுவுமில்லாம நூத்தி இருபத்தஞ்சு வருஷமா அங்க கெடக்கறது உங்க பால்கனிக்கு வந்து என்ன ஆகப்போகுது.

நடக்க முடியாதவங்களுக்கு வைட் பாஸ் ரயில் இருக்கு. 1898ல ஆரம்பிச்சு 1900 ஜூலை 29ல கார்கிராஸ்ல கடைசி ஆணி அடிச்சாங்க, மூணடி அகல நேரோ கேஜ், பாறைய வெடி வச்சு ஒடச்சு போட்டது. இதுல வேடிக்க என்னன்னா ரயில் முடியும்போது வேட்டையும் முடிஞ்சு போச்சு, 1899லயே அலாஸ்கால நோம்ங்கற எடத்துல தங்கம்னு சேதி வந்து டாசன்ல இருந்து ஆயிரக்கணக்குல ஜனங்க கெளம்பிட்டாங்க. ரயில்ல போனா இடது பக்கம் உக்காருங்க, ஏறும்போது பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். கீழ தெரியற ஒத்தையடிப் பாதைல மூவாயிரம் குதிரைங்க செத்துச்சு, அனுபவமே இல்லாத ஆளுங்க கெழட்டுக் குதிரைய வாங்கி மூட்டைய ஏத்தி சேத்துலயும் பாறைலயும் ஓட்டினதுல.

கார்கிராஸ்ல நிக்காம போகாதீங்க

எல்லாரும் இங்க பத்து நிமிஷம் நின்னு மணல்மேட்ட ஃபோட்டோ எடுத்து ஐஸ்க்ரீம் சாப்ட்டு போயிடறாங்க. அந்த நாலு பேர்ல மூணு பேர், கெய்ஷ், டாசன் சார்லி, கேட், இந்த ஊரு மண்ணுலதான் இருக்காங்க, இது அவங்க டாகிஷ் ஜனங்களோட ஊர். கேட்டோட கத கேட்டா வயிறு எரியும். அவளத் தங்கத்தோட கலிஃபோர்னியா வரைக்கும் கூட்டிட்டுப் போய், 1900ல கார்மாக் கைவிட்டுட்டாரு, அவ திரும்பி வந்து கார்கிராஸ்லயே இருந்து 1920ல ஃப்ளூ காய்ச்சல்ல செத்தா. கெய்ஷ் 1916ல சாகும்போது தன் காச தன் ஜனங்களுக்காக ஒரு நிதியா எழுதி வச்சுட்டுப் போனாரு, வைட்ஹார்ஸ்ல இருக்கிற ஸ்கூகம் ஜிம் நட்பு மையம் அதோட தொடர்ச்சிதான். ஊர் நடுவுல அந்தப் பழங்குடி அரசே நடத்தற கடைவீதி இருக்கு, கம்பங்கள்ல செதுக்கினது யாரு எந்தக் குலம்னு அங்க வேல பாக்கறவங்ககிட்ட கேளுங்க, சொல்லுவாங்க.

வைட்ஹார்ஸ்ல ஒரு நாள் போதும். ஆத்தங்கரைல எஸ்.எஸ். கிளாண்டைக்னு துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் நிக்குது, மொதல் கப்பல் 1936ல முழுகினதும் 1937ல அதே பேர்ல கட்டினது. மைல்ஸ் கேன்யனுக்கு ஒரு நடை போங்க. 1898 மே கடைசில ஏரி ஐஸ் ஒடஞ்சதும் ஏழாயிரம் சொச்சம் படகு இந்த வழியாத்தான் வந்துச்சு, எல்லாம் பென்னட் கரைல மரத்த வெட்டி, தச்சு வேலையே தெரியாத ஆளுங்க கட்டினது. அவங்கள பயமுறுத்தின அந்த நீர்வீழ்ச்சி மாதிரியான ஓட்டம் 1958ல கட்டின அணைக்கு அடில போயிடுச்சு, அதனால அங்க நின்னு இவ்வளவுதானான்னு நெனைக்காதீங்க.

அங்கருந்து டாசனுக்கு 530 கி.மீ., ஒரு நாள் ட்ரைவ். கார்மாக்ஸ்லயும் பெல்லி கிராஸிங்லயும் டேங்க் ஃபுல் பண்ணிக்கங்க, நடுவுல ஃபோன் சிக்னல் இருக்காது, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணி வைங்க. கார்மாக்ஸ் தாண்டினதும் ஃபைவ் ஃபிங்கர் ரேபிட்ஸ், நாலு பாறைத் திட்டு ஆத்த அஞ்சா பிரிக்கும், மேல வர்ற கப்பல கம்பிவடம் கட்டி இழுத்தாங்க. படி எறங்கிப் போய்ப் பாருங்க.

டாசன்ல மொத நாள்

ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி சாலை ரெண்டு பக்கமும் கூழாங்கல் மலைங்க, வளைஞ்சு வளைஞ்சு புழு ஊர்ந்த தடமா போகும். என்ன இது இவ்வளவு அசிங்கமா இருக்குன்னுதான் தோணும். மண்ண அள்ளிக் கழுவி தங்கத்த எடுத்துட்டு டிரெட்ஜ்ங்கற மெஷின் பின்னாடி துப்பிட்டுப் போன கல்லுங்க அது, பள்ளத்தாக்கையே பொரட்டிப் போட்டிருக்காங்க. அத நல்லா பாத்துட்டே வாங்க.

அப்புறம் ஆத்தங்கரைல டனோஜா ஸோ கலாச்சார மையம். இந்த மண்ணோட பழங்குடிங்களான ட்ரொண்டெக் ஹ்வெச்சின் ஜனங்க நடத்தறது, மொத நாள் காலைல மொத வேலையா இங்க போங்க. கிளாண்டைக் ஆறும் யூகான் ஆறும் சேர்ற எடத்துல ட்ரொச்செக்னு அவங்க மீன்பிடி முகாம் இருந்துச்சு, சால்மன் வர்ற காலத்துல குடும்பமா வந்து தங்கிப் புடிச்சு காயவச்சு எடுத்துட்டுப் போவாங்க. தங்கக் கூட்டம் வந்ததும் ரெண்டே வருஷத்துல அந்த எடம் போச்சு, காட்ட வெட்டிட்டாங்க, மான் ஓடிருச்சு, நோய் வந்துச்சு, சாராயம் வந்துச்சு. தலைவர் ஐசக் தன் ஜனங்கள கூட்டிட்டு ஆத்துல அஞ்சு கி.மீ. கீழ மூஸ்ஹைடுக்கு குடி பெயர்ந்தாரு. அவர் பண்ண இன்னொரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பெருசு. இந்தக் கூச்சல்ல தங்களோட பாட்டும் ஆட்டமும் அழிஞ்சு போயிடும்னு தெரிஞ்சு, அதையெல்லாம் அலாஸ்கால இருந்த சொந்தக்காரங்ககிட்ட பத்திரமா வச்சுக்கச் சொல்லிக் குடுத்தாரு. பல வருஷம் கழிச்சு பேரப்பிள்ளைங்க அங்க போய்க் கத்துட்டு வந்து, இப்ப திரும்ப டாசன்ல பாடறாங்க.

2023ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ட்ரொண்டெக் கிளாண்டைக்னு எட்டு எடங்கள சேத்தாங்க, டாசன், ட்ரொச்செக், மூஸ்ஹைட், டாசனுக்கு முன்னாடியே தங்க ஊரா இருந்த ஃபார்ட்டி மைல் எல்லாம் அதுல வரும். தங்கத்துக்காக சேக்கல, காலனி ஆட்சிய ஒரு பழங்குடி சமூகம் எப்படி எதிர்கொண்டுச்சு, எப்படி மாறிக்கிட்டு தாக்குப் புடிச்சுச்சுங்கறதுக்கான சாட்சின்னுதான் சேத்தாங்க. கேசினோ போஸ்டர்ல இது வராது.

மூஸ்ஹைட் கிராமத்துக்கு படகுலதான் போகணும், அது அவங்க சொந்த நெலம், நெனச்சப்ப போய் எறங்கற எடம் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஜூலைல அங்க பெரிய கூடுகை நடக்கும், அதுக்கு எல்லாரையும் கூப்புடறாங்க, படகும் விடறாங்க. அந்த வருஷம் போக முடிஞ்சா மத்த ப்ளான கலைச்சாவது போங்க. சாப்பாடு போடுவாங்க, பெரியவங்களுக்கு முதல்ல, நீங்க தட்டத் தூக்கிட்டு முன்னாடி போய் நிக்காதீங்க. ஃபோட்டோ எடுக்க கேட்டுட்டு எடுங்க. யூகான் ஆத்துல சினூக் சால்மன் ரொம்பக் கொறஞ்சு போயி 2024ல கனடாவும் அலாஸ்காவும் ஏழு வருஷத்துக்கு அத புடிக்கறத நிறுத்தறதா ஒப்பந்தம் போட்டிருக்காங்க, அதனால மீன் முகாம்னு அவங்க பேசும்போது அது பழங்கத பேசறது இல்ல, இன்னிக்கு வலி.

தங்கம் அரிக்கறது

சரி, இப்ப ஓடைக்குப் போகலாம். அந்த நாலு பேருக்கு தங்கம் தட்டுப்பட்ட ஓடைதான் பொனான்ஸா க்ரீக், அந்த ரோட்ல போனா மொதல்ல டிரெட்ஜ் நம்பர் 4. எட்டு மாடி ஒசரம், மரத்துல அடிப்பாகம் கட்டின டிரெட்ஜ்ல வட அமெரிக்காவுலயே பெருசு, 1912ல கட்டி 1959 வரைக்கும் ஓடுச்சு. தானே தோண்டின குளத்துல மிதந்துட்டே, முன்னாடி வாளிச் சங்கிலில மண்ண அள்ளி, உள்ள கழுவி, பின்னாடி கல்லத் துப்பிட்டுப் போகும். கைடோட டூர் எடுத்துக்கங்க, வெளில நின்னு பாத்தா வெறும் பெரிய பழைய கட்டடம்தான்.

முதல்ல தங்கம் கெடச்ச டிஸ்கவரி கிளைம் இன்னும் கொஞ்சம் தள்ளி. அதுக்குப் பக்கத்துல கிளைம் நம்பர் 6ன்னு ஒண்ணு இருக்கு, சுற்றுலா சங்கம் அத பொதுஜனத்துக்கு விட்டு வச்சிருக்கு, எவன் வேணா போய் அரிக்கலாம், காசு கிடையாது, கெடச்சது உங்களுக்கு. தட்டு, சின்ன மண்வெட்டி ஊர்ல வாங்கிட்டுப் போங்க. வேற எந்த ஓடைலயும் கைய வைக்காதீங்க, பள்ளத்தாக்கு பூரா இன்னிக்கும் உயிரோட இருக்கிற கிளைம், மூலைக் கட்டைல தகடு அடிச்சிருப்பாங்க, அடுத்தவன் கிளைம்ல அரிக்கறது திருட்டு.

அரிக்கற முறை நம்ம வீட்ல அரிசில கல்லு அரிக்கறமே அதேதான், கனமானது அடில தங்கும், இலேசானது தண்ணியோட போகும். வித்தியாசம், இங்க போறத விட்டுட்டு தங்கறத வச்சுக்கணும். தட்டுல பாதிக்கு மேல மண்ணப் போடுங்க, தண்ணிக்குள்ள முழுசா அமுக்கி களிமண் கட்டிய கையால ஒடைங்க, பெரிய கல்ல கழுவிட்டு வீசுங்க. அப்புறம் தட்ட மட்டமா வச்சு ரெண்டு பக்கமும் நல்லா குலுக்குங்க, இந்தக் குலுக்கல்லதான் தங்கம் கீழ எறங்கும், தங்கம் தண்ணியவிட பத்தொம்பது மடங்கு கனம், சாதா மணல் ரெண்டரை மடங்குதான். அதுக்கப்பறம்தான் முன்பக்கம் சாய்ச்சு, வரிவரியா மேடு இருக்கிற பக்கம் தூரத்துல இருக்கற மாதிரி புடிச்சு, மேல் மணல மெல்ல தண்ணில விடுங்க. திரும்ப குலுக்கு, திரும்ப சாய். கடைசில கருப்பு மணல் நிக்கும், அதுல பொறுமையா சுத்தினா ஓரமா மஞ்சளா ஒரு துளி. மினுமினுன்னு தண்ணில மேல மெதந்தா அது மைக்கா, தங்கம் நகராது. எங்க தோண்டறதுன்னா, பாறை வெடிப்பு, பெரிய கல்லோட கீழ்ப்பக்கம், ஓட்டம் வேகம் கொறையற வளைவோட உள்பக்கம். ஓடைத் தண்ணி கைய மரத்துப் போக வைக்கும், முழங்கை வரைக்கும் ரப்பர் க்ளவ்ஸ் கட்டாயம்.

முதுகு வலிக்கும்போது ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு ஆளுங்களுக்கு ஓடை மண்ணு கூட கெடையாது, நல்ல தங்கம் பல அடி கீழ அடிப்பாறைல, நடுவுல வருஷம் பூரா உறைஞ்ச மண்ணு. குளிர்காலத்துல ராத்திரி வெறகு எரிச்சு கொஞ்சம் எளக்கி, காலைல அத அள்ளி, திரும்ப எரிச்சு, இப்படியே குழி எறக்கி மண்ண வெளில குவிச்சு வச்சு, வசந்தத்துல தண்ணி வந்தப்பறம்தான் அத கழுவி தங்கம் இருக்கா இல்லையான்னே தெரியும். முக்காவாசி பேர் சொந்தக் கிளைம் இல்லாம கூலிக்குத்தான் குழி தோண்டினாங்க. சம்பாதிச்சது யாருன்னா விக்கறதுக்கு வந்தவங்க, பெலிண்டா மல்ரூனின்னு ஒரு பொண்ணு துணியும் சுடுதண்ணிப் பையும் கொண்டு வந்து வித்து, அந்தக் காசுல ஹோட்டல் கட்டினா.

ஊருக்குள்ள

பார்க்ஸ் கனடா நடைச் சுற்று நல்லா இருக்கும், பழைய போஸ்ட் ஆஃபீஸ், பேங்க் உள்ள கூட்டிட்டுப் போவாங்க. மூணாவது அவென்யூல ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நிக்கிற கட்டடங்களப் பாருங்க, வீட்டுச் சூடு கீழ உறைஞ்ச மண்ண எளக்கி சாச்சிருச்சு. பேலஸ் கிராண்ட் தியேட்டர் 1899ல கட்டினது, ஆனா இப்ப நிக்கறது 1962ல திரும்பக் கட்டினது, ஊர்ல புதுசா கட்டினாலும் பழைய மொகப்பு வைக்கணும்னு விதி இருக்கு, அதனால எது நெஜமா பழசுன்னு கைடுகிட்ட கேட்டுக்கங்க. பழைய அரசு அலுவலகக் கட்டடத்துல மியூசியம், 1901ல கட்டினது, தலைநகரம் 1953ல வைட்ஹார்ஸுக்கு மாறின கத அங்க இருக்கு. 1978ல ஒரு பழைய ஸ்கேட்டிங் தளத்துக்கு அடில தோண்டும்போது 533 ரீல் மௌனப்படம் கெடச்சுது தெரியுமா, படம் ஓட்டி முடிச்சு திருப்பி அனுப்ப காசு தண்டம்னு கம்பெனிங்க விட்டுட்டுப் போக, நீச்சல் குளத்த மூட போட்டுப் பொதச்சிருக்காங்க, உறைஞ்ச மண்ணு காப்பாத்திருச்சு.

கெர்ட்டீஸ் கேசினோ போங்க, வேண்டாங்கல, 19 வயசுக்கு மேல, லாபம் ஊருக்கே போகுது. காஞ்சு போன மனுஷக் கால்விரல் போட்ட காக்டெயில் ஒரு ஹோட்டல்ல குடுப்பாங்க, எனக்கு அது செட் ஆகாது, உங்க இஷ்டம். சைவம்னா தெரிவு கம்மி, காய்கறி வெலை தலை சுத்தும், சமையல் வசதியோட ரூம் எடுத்து அரிசி பருப்பு வைட்ஹார்ஸ்லயே வாங்கிட்டு வந்துருங்க.

சாயங்காலம் மிட்நைட் டோம் மலை உச்சிக்கு கார்லயே போகலாம். ரெண்டு ஆறும் சேர்ற எடம், ட்ரொச்செக், ஊரு, கூழாங்கல் வரிசை எல்லாம் ஒரே பார்வைல தெரியும், டிரெட்ஜ் டூர் போயிட்டு வந்தப்பறம் ஏறினா நல்லது.

கட்டித் தங்கத்துல செஞ்ச நகை வாங்கறதா இருந்தா, எந்த ஓடைத் தங்கம்னு கேளுங்க, நல்ல கடைக்காரர் சொல்லுவாரு, ஓடைக்கு ஓடை நெறம் மாறும். தூள் தங்கத்துல வெள்ளி கலந்திருக்கும், 24 கேரட்னு நெனச்சு கணக்குப் போடாதீங்க, எடைய மட்டும் பாத்து வெல பேசினா ஏமாறுவீங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் போக படகு ஃப்ரீ, கார ஏத்திக்கலாம், அங்கருந்து டாப் ஆஃப் த வேர்ல்ட் ஹைவே அலாஸ்காவுக்குப் போகுது, வாடகைக் காருக்கு அனுமதி இருந்தா மட்டும், அந்த எல்லைக் கேட்டு ராத்திரி பூட்டிடுவாங்க, மத்தியானத்துக்குள்ள கெளம்பிருங்க.